தரையில் வளர்ந்த கோழிகள்

எங்கள் கொட்டகையில் முட்டை கிடைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான்: முட்டைக்கென்று செய்து வைத்த பெட்டி. மற்றபடி தீவனத் தொட்டிக்கு அடியில் கிடைக்கும். தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் கிடைக்கும். கதவைத் திறந்தால் கதவே ஒன்றிரண்டை உருட்டிக்கொண்டு போகும். ஒருநாள் என் கணவர் வாசலில் கழற்றிப் போட்ட ரப்பர் செருப்புகளுக்கு நடுவில் ஒரு முட்டை, யாரோ பார்த்துப் பார்த்து வைத்ததுபோல, அசையாமல் இருந்தது. வடக்கு மூலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காலையில் அங்கே குனிந்தால் இருபது முட்டைக்குக் குறையாது. அதில் பாதி எச்சம் பூசியது, சில மிதிபட்டு விரிசல் விட்டது, சில கோழிகளே கொத்திக் குடித்துவிட்டுப் போட்ட வெறும் ஓடு.

எண்பதுகளின் தொடக்கம் அது. பூனாவுக்கு நாங்கள் வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. கேம்ப் என்று சொல்லும் அந்தப் பகுதியிலேயே ஒற்றை அறையில் இருந்துவிட்டு, ஹடப்சரில் பின்பக்கம் இடம் விட்ட ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். அப்போது ஹடப்சர் என்றால் கரும்பும் காய்கறித் தோட்டமும்தான். வீட்டுக்கு வீடு கோழி வளர்த்தார்கள். பதினொரு வருஷமாக அடுப்படியும் சர்ச் பெண்கள் கூட்டமுமாகவே இருந்த எனக்கும் ஆசை வந்தது. எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. தீவனக் கடையில் கொடுத்த மராத்தித் துண்டுப் பிரசுரத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன், தெரியாத சொல்லைக் கடைக்காரரிடமே கேட்டேன். அங்கே பெண்களைக் கூப்பிடும் வழக்கப்படி 'பாயி' போட்டு அவர் ஒன்று சொன்னார்: "கோழி வளர்க்கிறது சுலபம் பாயி, கோழிதான் அதுக்கு ஒத்துக்கணும்." அப்போது சிரித்துவிட்டு வந்தேன்.

மே மாதத்தில் நூற்று நாற்பது வெள்ளை லெகான் குஞ்சுகள் வந்தன. என் கணவர் கொட்டகைக்குள் மூங்கில் கம்புகளைக் குறுக்கே கட்டினார். குஞ்சுகள் ஏறி உட்காரப் பழகட்டும் என்று முழங்கால் உயரத்தில் ஒன்று, அதற்கு மேலே ஒன்று. இரண்டாவது வாரம் ஒரு குஞ்சு மேல் கம்பிலிருந்து விழுந்து நொண்ட ஆரம்பித்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்க, அந்தக் கம்ப அவுத்துருங்க" என்றேன்.

"ஏளா, அது பறவை. கம்புல இருக்கத்தான் செய்யும்."

"நாமளே பாயப் போட்டுத் தரையிலதான படுக்கோம்? இதுகளுக்கு எதுக்குக் கட்டிலு?"

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். பாயில் பிறந்து பாயில் வளர்ந்தவர்கள். பூனாவில் அக்கம்பக்கத்தார் எல்லாம் இரும்புக் கட்டில் வாங்கியபோதுகூட, கட்டிலில் படுத்தால் எனக்குத் தலை சுற்றும் என்று சொல்லிப் பாயோடு இருந்தவள் நான். அவரும் கம்புகளை அவிழ்த்துவிட்டார். அடியில் உமியும் மரத்தூளும் மெத்தைபோலப் பரப்பினேன். குஞ்சுகள் அதில் கும்பலாகப் படுத்தன, புரண்டன, வளர்ந்தன. சீக்கில் போனவை போக நூற்று முப்பது தேறின. நொண்டிக் குஞ்சை மட்டும் மற்றவை கொத்திக்கொண்டே இருந்ததால், பக்கத்து வீட்டு மராத்திப் பெண்ணிடம் கொடுத்தேன். அவளிடம் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழிகள் இருந்தன. நான் அவளை வஹினி, அதாவது அண்ணி, என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். மராத்தியிலும் அக்கா அக்காதான்.

அக்டோபரில் விடைக்கோழிகள் கேற ஆரம்பித்தன. முட்டையிடப் போகும் கோழி ஒரு மாதிரி இழுத்து இழுத்துக் கூப்பிடும், அதைத்தான் எங்கள் ஊரில் கேறுவது என்பார்கள். முதல் முட்டையைத் தரையில் பார்த்த பிறகுதான் பெட்டி நினைவே வந்தது. பழைய சாமான் சந்தையிலிருந்து பலகைப் பெட்டிகள் வாங்கிவந்து, நான் குனிய வேண்டாமே என்று என் இடுப்பு உயரத்துக்கு வரிசையாகச் சுவரில் அடிக்கச் சொன்னேன். ஜன்னலுக்கு நேர் எதிரே, நல்ல வெளிச்சமாக. உள்ளும் புறமும் நானே சுண்ணாம்பு அடித்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெள்ளையடித்தால்தான் எங்கள் பக்கத்தில் அது வீடு. எங்களுக்கு நல்ல இடம் என்றால் வெள்ளையடித்த இடம்தான். அடித்து முடித்ததும் அந்தப் பன்னிரண்டு பெட்டிகளும் சின்னச் சின்னக் கோவில்கள் மாதிரி பளபளவென்று இருந்தன.

ஒரு கோழியும் உள்ளே போகவில்லை.

முதலில் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தரையிலிருந்து பொறுக்கி, ஈரத் துணியால் துடைத்து, அழுக்கு அதிகமென்றால் வாளித் தண்ணீரில் கழுவி, ட்ரேயில் அடுக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ்ஸில் கேம்புக்குக் கொண்டுபோனேன். அங்கே ஓர் இரானி பேக்கரி. எங்கள் முட்டை முழுவதையும் அதன் முதலாளி சேட்தான் எடுத்துக்கொண்டிருந்தார். பருத்த உடம்பு, வெள்ளை ஜிப்பா, கையில் எப்போதும் மாவு. அவர் பேசும் இந்தியில் பாதி எனக்குப் புரியும். மீதியை அவருடைய கை சொல்லும்.

நவம்பர் நடுவில் ஒரு காலை, அவர் ட்ரேயிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். இன்னொன்றை எடுத்தார். அதையும் தடவினார்.

"பெஹன்ஜி, இந்த முட்டை குளிச்சிருக்கு."

"ஆமா சேட். சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"முட்டைக்குக் குளியல் எதுக்கு? அது பொறக்கும்போதே மேல பவுடர் போட்டுக்கிட்டுத்தான் வருது. அந்தப் பவுடர நீ கழுவுற. கழுவின முட்டை சீக்கிரம் கெட்டுப்போகுது. நேத்து உன் முட்டை ஒண்ணால ஒரு தொட்டி மாவு முழுக்க சாக்கடைக்குப் போச்சு."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"டிசம்பர் பொறந்ததும் கிறிஸ்மஸ் கேக் ஆரம்பிக்கிறேன். அன்னைக்கு முட்டை சுத்தமாவும் வரணும், குளிக்காமயும் வரணும். வந்தா நீதான் கொடுக்கிற. வரலேன்னா வேற ஆளு இருக்காங்க. கோவிச்சுக்காத."

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் மிச்சமிருந்த தீவன மூட்டைகளை எண்ணினார். பிறகு, "முட்டை போகலன்னா கோழி போகணும்" என்றார். "நூத்தி முப்பது வாயி திங்குது. இந்த ஊருல முட்டைய ரோட்டுல வச்சு விக்க முடியுமா? எல்லார் வீட்லயும் கோழி கெடக்கு. கறிக்கடைக்காரர டிசம்பர் மொத சனிக்கெழம வந்து பாக்கச் சொல்லுதேன்."

"அதுக்குள்ள கறிக்கடையா?"

"சும்மா பாக்கத்தான்."

கறிக்கடைக்காரர் சும்மா பார்க்க வருவாரா? பதினொரு வருஷத்தில் இந்த ஊரில் எனக்கென்று நானாகச் செய்த காரியம் அந்தக் கொட்டகை ஒன்றுதான். அழுகை வந்தது. ஆனால் மாலையில் முட்டை பொறுக்கும் நேரமாகிவிட்டதால் அழ முடியவில்லை.

மறுநாள் வஹினியிடம் புலம்பப் போனேன். அவள் முற்றத்தில் வெங்காயம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தாழ்வாரத்து ஓட்டுக்குக் கீழே, என் தலைக்கு மேலே, ஒரு பழைய மூங்கில் கூடை கயிற்றில் தொங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கோழி கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தது.

"வஹினி, இது எங்க கோழி மாதிரி இருக்கே?"

அவள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள். "உங்க கோழிதான் அக்கா. நீங்க குடுத்த நொண்டி."

நம்ப முடியவில்லை. அந்த நொண்டிக் குஞ்சு அவளுடைய நாட்டுக்கோழியோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. அவை ராத்திரி மாட்டுவண்டியின் நுகத்தடியில் ஏறி உட்கார்ந்தால் இதுவும் ஏறுமாம். கொய்யா மரத்தில் ஏறினால் இதுவும் தத்தித் தத்தி ஏறுமாம். கால் எப்போது சரியானது என்று வஹினிக்கே தெரியவில்லை. முட்டையிடும் வயது வந்ததும், மற்றக் கோழிகள் கூடைக்குப் போவதைப் பார்த்து இதுவும் வண்டியிலிருந்து திண்டுக்கு, திண்டிலிருந்து கூடைக்கு என்று தாவிப் போய்ச் சுத்தமாக முட்டையிட்டுவிட்டு வருகிறது.

"விழுந்தது ஒண்ணுதான் மேல ஏறக் கத்துக்கிச்சு" என்றாள் வஹினி. "விழாததையெல்லாம் நீங்க தரையிலயே உக்கார வச்சுட்டீங்க. அதுகளுக்கு மேல்னு ஒரு இடம் இருக்குன்னே தெரியாது அக்கா. உங்க பெட்டி அதுகளுக்கு ஆகாசம்."

ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள், ஒரே சாதி, ஒரே தீவனக் கடை. வளர்ந்த இடம்தான் வேறு. அவள் சொன்னதில் மறுத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் நூற்று முப்பது கோழிகளைத் திரும்பக் குஞ்சாக்கி வளர்க்க முடியுமா? டிசம்பருக்கு இரண்டு வாரம் இருந்தது.

சரி, இவை எங்கே போகின்றன, ஏன் போகின்றன என்றாவது பார்ப்போம் என்று அடுத்த நாள் காலை ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் என்னைச் சுற்றிக் கூட்டம் போட்டுவிட்டுக் கலைந்தன. பிறகு ஒரு கோழி கேறிக்கொண்டே நடக்க ஆரம்பித்தது. சுவரோரமாகப் போனது. பெட்டிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சுண்ணாம்பு கண்ணைப் பறித்தது. கல்யாண வீட்டில் சோபாவைக் கண்ட கிராமத்து ஆள் மாதிரி, அது நமக்கில்லை என்று ஒதுங்கிப் போனது. வடக்கு மூலையில் ஏற்கெனவே மூன்று கோழிகள் உட்கார்ந்திருந்தன, இரண்டு காத்திருந்தன. இது திரும்பி வந்து என்னைச் சுற்றியது. ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு என் சேலை மடிப்பை அலகால் ஒதுக்கிவிட்டு முக்காலிக்கு அடியில் நுழைந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உமியைக் காலால் கிளறும் சத்தம். மார்பால் அழுத்திக் குழி பறிக்கும் சத்தம். அது அமைதியானதும் இரண்டாவது கோழி ஒன்று வந்து வாசலில் காத்திருப்பதுபோல என் காலடியில் நின்றது. அந்த நேரம் பார்த்து என் கணவர் வேலைக்குக் கிளம்பி வந்தார்.

"டீ எங்க?"

"சத்தம் போடாதிய. உள்ள ஆளு இருக்கு."

"எதுக்குள்ள?"

"எனக்குக் கீழ."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கோழி வளக்கச் சொன்னா, நீயே பெட்டியாயிட்டியே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமலே பஸ்ஸுக்கு ஓடினார்.

கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன். எழுந்து பார்த்தால் முக்காலிக்கு அடியில் இரண்டு முட்டைகள், வெதுவெதுப்பாக, ஒரு துளி அழுக்கில்லாமல். கையில் எடுத்துத் தடவினேன். சேட் சொன்ன பவுடர் விரலில் தட்டுப்பட்டது, மெல்லிசாக.

இருட்டு வேண்டும். மறைவு வேண்டும். கால் எட்டும் உயரம் வேண்டும். நான் கொடுத்ததோ வெளிச்சம், திறந்த வாசல், உயரம். எல்லாவற்றையும் எனக்குத் தோதாகக் கட்டிவிட்டுக் கோழியைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அவர் சுத்தியலை எடுத்தார். பெட்டிகளைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில், ஒற்றைச் செங்கல் உயரத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி வரிசையாக வைத்தோம். அடுப்புக்கரியைத் தண்ணீரில் குழைத்துக் கொடுத்து உள்ளே பூசச் சொன்னேன்.

"வெள்ளையடிச்சது யாரு?" என்றார்.

"நான்தான்."

"இப்பக் கரி பூசச் சொல்லுறது?"

"அதுவும் நான்தான். பூசுங்க."

உள்ளே காய்ந்த கரும்புத் தோகையைக் கசக்கிப் பரப்பினோம். முன்னால் கிழித்த சாக்கைத் திரையாகக் கட்டி, ஓரத்தில் ஒரு கோழி நுழையும் அளவுக்கு இடம் விட்டோம். வடக்கு மூலையைச் செங்கல் போட்டு அடைத்தோம். மற்ற மூலைகளில் உமியை வழித்துவிட்டு, கொட்டகையின் பக்கவாட்டுக் கம்பிவலையில் குளிருக்குக் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து வெளிச்சம் விழ வைத்தோம். இனி இந்தக் கொட்டகையில் இருட்டு என்றால் அது பெட்டிக்குள் மட்டும்தான்.

வஹினி தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னாள். ஏற்கெனவே ஒரு முட்டை கிடக்கிற இடத்தில்தான் கோழிக்கு நம்பிக்கை வருமாம். நிஜ முட்டையை வைத்தால் கொத்திக் குடித்துவிடுமே. அதனால் ஓட்டில் துளை போட்டு உள்ளே இருப்பதை ஊற்றிவிட்டு, சர்ச்சில் மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி நிரப்பினேன். பெட்டிக்கு ஒன்று. எடைக்கு எடை, பார்வைக்குப் பார்வை, அசல் முட்டை.

அப்புறம்தான் நிஜமான வேலை. காலையிலிருந்து மத்தியானம்வரை கொட்டகையிலேயே இருந்தேன். தரையில் வட்டம் போடும் கோழியை மெதுவாக அள்ளிப் பெட்டிக்குள் விட்டுத் திரையை இழுத்துவிடுவேன். வெளியே வரும். திரும்ப விடுவேன். திரும்ப வரும். தரையில் ஒரு முட்டை விழுந்தால் அடுத்த கோழி அதைப் பார்ப்பதற்குள் எடுத்துவிடுவேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வஹினி கேட்டாள்: "என்ன அக்கா, பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துல சேக்குறீங்களா?"

"சேத்துட்டேன். உக்காரத்தான் மாட்டேங்குதுங்க."

முதல் நாள் பெட்டிகளில் நாலு முட்டை. மூன்றாம் நாள் இருபது. பிறகு திடீரென்று ஒரு காலை, கதவோரத்துப் பெட்டிக்கு முன்னால் வரிசையே நின்றது. உள்ளே மூன்று கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்க, பக்கத்துப் பெட்டி காலி, அதற்குப் பக்கத்துப் பெட்டியும் காலி. வீடு தேடும்போது எல்லாரும் கேம்பிலேயே வேண்டும் என்று அலைவோமே, அந்தக் கதைதான். ஒருவர் போன இடத்துக்கு ஒன்பது பேர். அந்தப் பெட்டியின் தோகையை எடுத்துப் பக்கத்துப் பெட்டிகளில் கலந்த பிறகு கூட்டம் கொஞ்சம் பிரிந்தது.

எல்லாக் கோழியும் திருந்தின என்று சொன்னால் அது பொய். இருபதுக்கு மேல், என்ன செய்தும் தரைதான். அவற்றின் முட்டையைத் தனிக் கூடையில் போட்டேன். எங்கள் வீட்டிலும் வஹினி வீட்டிலும் ஆம்லெட், முட்டைக் குழம்பு, மறுபடியும் ஆம்லெட்.

நான் சொல்லி வைத்திருந்தபடி, டிசம்பர் பிறந்த அன்று காலை சேட்டுக்கு ஆறு ட்ரே போக வேண்டும். பெட்டியில் இட்ட முட்டை ஐந்து ட்ரேதான் தேறியது. ஆறாவது ட்ரே காலியாகக் கிடந்தது. என் கணவர் தனிக் கூடையைப் பார்த்தார்.

"அதுல நல்லதாப் பாத்து ஒரு முப்பது தொடச்சு வச்சா யாருக்குத் தெரியும்?"

"அவரு கட்டவெரலுக்குத் தெரியும்."

ஐந்து ட்ரேயோடு கிளம்பினோம். அவர் அன்று அரை நாள் லீவு போட்டிருந்தார். ட்ரேக்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு பேரும் சேர்ந்து எழும்பினோம். கண்டக்டர் பார்த்துவிட்டு, "பாயி, டிக்கெட் உங்களுக்கா முட்டைக்கா? அதுதான் சௌகரியமா உக்காந்திருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேக்கரியில் கேக் வேலை தொடங்கியிருந்தது. வெண்ணெயும் சர்க்கரையும் பெரிய தொட்டியில் நுரைத்துக்கொண்டிருந்தன. சேட் ஒரு முட்டையை எடுத்தார். தடவினார். இரண்டாவது, மூன்றாவது, அடி ட்ரேயிலிருந்து ஒன்று. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆறு சொன்னே. அஞ்சு இருக்கு."

"இன்னும் ஒரு ட்ரேக்கு முட்டை இருக்கு சேட். ஆனா அது தரையில போட்டது. அழுக்கு. அதான் கொண்டு வரல."

அவர் ட்ரேக்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு உள்ளே மாவு கலக்கும் ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆள், எங்கள் கெட்ட முட்டைக்குப் பிறகு வந்த பழக்கப்படி, ஒரு கிண்ணத்தை எடுத்து, முதல் முட்டையை அதில் உடைத்து, முகர்ந்து பார்த்து, அப்புறம் தொட்டியில் ஊற்றினார். நாலைந்து முட்டை அப்படியே போனது. சேட் கிண்ணத்தைக் கையில் வாங்கி ஓரமாக வைத்தார்.

"இது வேண்டாம். நேரா ஊத்து. கிறிஸ்மஸுக்கு நேரம் இல்ல."

அந்த ஆள் நேராகத் தொட்டியில் உடைக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, பத்து. ஒவ்வொன்றும் உடையும்போது தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். முதல் ட்ரே காலியான பிறகுதான் வெளியே வந்தேன்.

என் கணவர் ரோட்டோரம் நின்றிருந்தார். "என்ன சொன்னாரு?"

"நாளக் கழிச்சு ஏழு மணிக்குள்ள வரணுமாம்."

"அப்ப வேற ஆளு?"

"வேற ஆளு இல்ல. நான்தான்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "சனிக்கெழம கறிக்கடைக்காரரு வருவாரே. வேண்டாம்னு இப்பவே சொல்லிரணும். நீ வந்து சொல்லு."

"வரச் சொன்னது நீங்க. நான் எதுக்கு?"

"எனக்கு அவரு கத்தியப் பாத்தா பேச்சு வராது."

போனோம். கறிக்கடைக்காரர் வெட்டுக் கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முக்காலி ஒன்றை இழுத்துப் போடச் சொல்லி, டீக்குச் சொல்லி அனுப்பினார்.

"அதுக்கென்ன பெஹன்ஜி? கோழி முட்டை போடுறவரைக்கும் உங்க வீட்டு ஆளு, நிறுத்தினா என் வீட்டு ஆளு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

என் கணவருக்கு டீ புரையேறியது. முதுகில் தட்டிக்கொடுத்தேன். மத்தியான ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் ஒரு பக்கம் ஓட, முட்டை பொறுக்க நேரமாகிவிட்டது என்று நான் ஹடப்சர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.